பூட்டு வைத்த வாஷ்ஸ்டாண்டு

8-11-1959, ஞாயிறு. சித்தூர்

பக்கத்து வீட்டு செங்கல்வராயன் சார் தம் குளியலறைச் சுவரில் வெள்ளைப் பீங்கான் பேசின் பதித்துக் குழாய் வைத்துவிட்டார். தெருவே போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வருகிறது, ஏதோ சந்நிதி போல. அம்மா மூன்று முறை போய் வந்துவிட்டாள். நமக்கும் ஒன்று வேண்டுமாம்.

நைனா சொன்னது: "சுவத்துல ஒண்ணும் பதிக்கக் கூடாது. தனியா நிக்கிற வாஷ்ஸ்டாண்டா இருந்தா வாங்கலாம்."

காரணம் தெரிந்ததுதான். ஏப்ரலில் திருத்தணித் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது. நைனாவின் சொந்த ஊர் அந்தப் பக்கம். வேலை இங்கே சர்க்கார் ஆபீசில். ஆந்திராவா, சென்னையா என்று எழுதிக் கொடுக்கக் காகிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி கடைசி வரை கெடு. அதுவரை எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட எல்லைத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். முகம் கழுவுகிற சாமானையும் லாரியில் ஏற்றத் தோதாக வாங்குகிற ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

12-11-1959

மனோரமா டீச்சர் இன்று வகுப்பில் சொன்னார்கள். பத்துப் பேர் இருந்தால்தான் அடுத்த வருஷம் தமிழ்ப் பிரிவில் ஆறாம் பாரம், பள்ளியின் கடைசி வகுப்பு, நடக்கும். நாங்கள் பதினோரு பேர். அம்சவேணியின் அப்பா சென்னை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, பத்து.

பத்தாவது ஆள் நான்.

நைனா சென்னை என்று எழுதினால் நாங்கள் திருத்தணிப் பக்கம் மாமா ஊருக்குப் போவோம். அங்கே எட்டாவதோடு பள்ளிக்கூடம் தீர்ந்துவிடுகிறது. பிறகு தறிதான். இதை நைனாவிடம் சொன்னேன். "பாப்போம் தாட்சி" என்றார். பாப்போம், பாப்போம்! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படித்தான் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தாரோ.

15-11-1959, ஞாயிறு

திருப்பதிக்குப் போய் வந்தோம். ஸ்டேஷன் பக்கம் கங்கையா என்பவர் கடை. லாட்ஜுகளில் கழித்துப் போட்ட மேஜை நாற்காலிகளை வாங்கி விற்கிறவர்.

முதலில் காட்டியது இரும்பு முக்காலி, மேலே எனாமல் பேசின். "ஆஸ்பத்திரி மாதிரி கீது" என்றாள் அம்மா. அடுத்தது அழகுதான். மெல்லிய கால்கள், ரோஜாப்பூ ஓடு பதித்த மேற்பலகை, முட்டை வடிவக் கண்ணாடி. அம்மா அதன் முன்னால் நின்று தலை வாரிக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டாள். நைனா குனிந்து அடியில் பார்த்தார். "அலமாரி இல்ல. வேணாம்."

மூன்றாவது ஒரு தேக்குப் பூதம். பருத்த கால்கள், மேலே பழுப்பேறிய சலவைக்கல், ரசம் போன கண்ணாடி, கீழே கதவு வைத்த அலமாரி. அதில் பூட்டு. நைனா சாவியைப் போட்டுத் திருப்பினார், எடுத்தார், மறுபடி திருப்பினார். ஏழு தடவை எண்ணினேன்.

கங்கையாவே சிரித்துவிட்டார். "ஏம் சாரு, சோப்புக்கு இன்னாத்துக்குப் பூட்டு? பங்காரு சோப்பா?" தங்கச் சோப்பாம்.

சுவரில் ஒரு தெலுங்குப் பலகை மாட்டியிருந்தது. "அதுல இன்னா போட்டுருக்குது?" என்று நைனா என் காதருகில் கேட்டார். நான் உரக்கப் படித்தேன். "விற்ற சாமான் திரும்ப வாங்கப்படமாட்டாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க நைனாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நான்தான் கிளாஸில் தெலுங்கில் முதல்" என்று கங்கையாவிடம் பெருமை அடித்தேன். "அப்போ பாப்பாவ ஆபீசுக்கு அனுப்பிட்டு நீங்க வூட்ல இருங்க சாரு" என்றார் அவர். நானும் சிரித்தேன். உண்மையைத்தானே சொன்னேன்?

பூதத்தையே வாங்கினார். பஸ்ஸில் வாங்கிக் கொடுத்த வடையை அம்மா தின்னவில்லை.

22-11-1959

பூதம் வந்து இறங்கிக் குளியலறையில் பாதியை அடைத்துக்கொண்டது. குளிக்கிறவர் ஒருக்களித்து நின்றுதான் குளிக்க வேண்டும். அலமாரிச் சாவி நைனாவின் பூணூல் இல்லாத மார்பில் கயிற்றில் தொங்குகிறது.

6-12-1959

கோவர்த்தனன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஊரில் எட்டுத் தறி. வந்ததும் வராததுமாகப் பூதத்தைச் சுற்றி வந்தார்.

"பலே மச்சான்! வண்டில ஏத்துற மாதிரியே வாங்கிக்கினியே. இங்கயே குந்திக்கினு இருந்தா இன்னா ஆவும் தெரியுமா? இந்த வயசுல தெலுங்குல அ, ஆ எழுதிப் பரீச்ச குடுக்கணும். பசங்களோட சிலேட்டுப் பலகை புடிக்கிறியா?"

நைனாவும் கூடச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மானமுள்ளவர் அதற்கா சிரிப்பார்? மாமா போகும்போது "தாட்சிக்கு ஒரு தறி ஒதுக்கி வெச்சிட்டேன்" என்றார். விளையாட்டாம்.

19-12-1959

ஒரு மணி நேரம். தினமும் விடிந்ததும் நைனா உள்ளே போய்த் தாழ் போட்டால் ஒரு மணி நேரம். தண்ணீர்ச் சத்தமும் இல்லை. "மூஞ்சியக் கழட்டி வெச்சிக் கழுவுறாரா?" என்கிறாள் அம்மா. நாற்பத்தாறு வயதில் இவ்வளவு அலங்காரம். ஆனால் வெளியே வருவது என்னவோ அதே மூஞ்சி.

9-1-1960

காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டேன். "பாப்போம்."

23-1-1960, சனி

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. குளியலறைக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன். "உங்களுக்கு ஆபீஸ் இல்லாவிட்டால் போகிறது, எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது!" என்று கத்தினேன். உள்ளே தடபுடல். பூட்டுகிற சத்தம். நைனா என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

சலவைக்கல் ஈரமாக இருந்தது. அதில் நீல மை. ஈர மையோடு ஒரு தாளைக் குப்புறப் போட்டு அவசரமாக எடுத்திருக்கிறார். எழுத்தெல்லாம் கல்லில் இடம் வலமாகப் பதிந்திருந்தது. கல்லில் படிக்க முடியவில்லை. நிமிர்ந்து அந்த ரசம் போன கண்ணாடியில் பார்த்தேன். நேராகத் தெரிந்தது.

தெலுங்கு. கோணல் மாணலாக, ஒவ்வோர் எழுத்தும் குடமளவு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை இதைவிட நன்றாக எழுதும் — முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு படித்தேன். ஒரே வாக்கியம், ஐந்து வரிசை.

நான் சித்தூரில் இருக்கிறேன்.

பூட்டு எதற்கென்று இப்போது தெரிகிறது. வீட்டில் தாழ் உள்ள அறை அது ஒன்றுதான். மாமாவுக்குத் தெரியக் கூடாது. அம்மா மாமாவிடம் சொல்லிவிடுவாள். அப்புறம் நான் — என்னிடம் கேட்டிருந்தால் ஒரே மாதத்தில் சொல்லிக் கொடுத்திருப்பேனே, ஏன் கேட்கவில்லை? நல்ல கேள்வி. கங்கையா கடையில் நின்று பல்லைக் காட்டினது யாராம்? கெட்டிக்காரி. கிளாஸில் முதல்.

அம்மா வருவதற்குள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கல்லைக் கழுவினேன். பள்ளிக்குத் தாமதம். மனோரமா டீச்சர் வெளியே நிற்க வைத்தார்கள். நின்றேன்.

25-1-1960

என் நோட்டிலிருந்து மை ஒற்றுகிற பிளாட்டிங் பேப்பர் ஒன்றை எடுத்துச் சோப்புப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

26-1-1960

பிளாட்டிங் பேப்பரைக் காணோம். சாப்பிடும்போது நைனா என் தட்டில் தம் அப்பளத்தை வைத்தார். அப்பளம் நமுத்திருந்தது.

29-2-1960

கெடு இன்று. சாயங்காலம் நைனா செருப்பைக் கழற்றும்போது அம்மாவிடம் சொன்னார்: "ஆந்திரான்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒந்தம்பிக்கி நானே கார்டு போட்டுக்கறேன்." அம்மா கொஞ்சம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே சுவத்துல பதிக்கலாமா?" என்றாள்.

27-3-1960

நைனா பரீட்சை எழுதப் போனார். என் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

1-4-1960, வெள்ளி

மாமா ஊர் இன்றுமுதல் சென்னை ராஜ்யம். கார்டு வந்தது: "பலகை எப்படி இருக்குது மச்சான்?" நைனா அதைப் படித்து, அடுப்பில் போடாமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. தேறுவாரா என்று சொல்ல முடியாது, எழுத்து அப்படி.

நான்கு பேர் சேர்ந்து பூதத்தைக் குளியலறையிலிருந்து நான் படிக்கிற மூலைக்குத் தள்ளினார்கள். மேஜைக்கு மேஜையும் ஆயிற்று. இதை அதன் மேல்தான் எழுதுகிறேன். கல் சில்லென்று இருக்கிறது. சாவி என்னிடம்.

ஆறாம் பாரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பத்து.

குளியலறையில் கொத்தனார் முனியப்பன் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார். வீடெல்லாம் செம்மண் தூசி. "மேலாக்கப் பதிச்சா போதுமா சார்?" என்று கேட்டார்.

"ஆழமாவே பதி" என்றார் நைனா.

பேசின் ஒரு விரல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அம்மா கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.