கதவருகில் நிற்பவள்

9-8-1943
இன்றும் மரவள்ளிக்கிழங்குதான்.

தங்கச்சி பிரேமாவின் முடியை அம்மா ஒட்ட வெட்டிவிட்டாள். இடுப்பைத் தொடும் முடி. வெட்டும்போது அழுதது அம்மாதான். பிரேமா கண்ணாடி கேட்டாள். அப்புறம் அப்பாவின் பழைய சட்டை, கால்சட்டை, முகத்தில் சட்டிக்கரி. அப்படியும் அழகாகத்தான் இருக்கிறாள், சனியன்.

ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் ஜப்பான்காரர்கள் வந்து தங்கியதிலிருந்து, வயசுப் பெண் இருக்கிற வீட்டிலெல்லாம் இதே கூத்து. நான் பிரேமாவுக்கு இரண்டு வயது மூத்தவள். என் முடியை யாரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். அம்மா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே, "உன்ன எவன்டி பாக்கப்போறான்?" என்றாள்.

திட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் —

12-8-1943
பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. அங்கே மிச்சமான நோட்டில்தான் எழுதுகிறேன். அங்கே வாத்தியாராக இருந்த அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். ஒரு தகவலும் இல்லை. அவர் மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார். மற்றவர்கள் என் காதைப் பார்த்துப் பேசுவார்கள். சின்ன வயதில் போட்ட அம்மை. கன்னம், நெற்றி, மூக்கு, எங்கும் குழி. வேறொன்றும் இல்லை.

ஏற்பாடு இதுதான். லாரி வருவது தெரிந்தால் மேட்டு வீட்டு அம்மாசி அண்ணன் பசுவைக் கூப்பிடுவதுபோல "லெட்சுமீ, லெட்சுமீ" என்று கத்துவார். அந்தப் பசுவை ஜப்பான்காரர்கள் எப்போதோ அறுத்துத் தின்றுவிட்டார்கள். சத்தம் கேட்டதும் பெண்கள் புகைக்கூடத்துக்கு ஓடி, ரப்பர் ஷீட் தொங்கவிடும் மேல்கட்டைகளில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். ரப்பர் வேலை நின்றதிலிருந்து அங்கே நெருப்பில்லை.

வீடு சாத்தியிருந்தால் சிப்பாய்கள் கதவை உடைத்துத் தேடுவார்கள். அதனால் ஒருத்தி கதவருகில் நிற்க வேண்டும். அந்த ஒருத்தி நான்.

20-8-1943


காலையில் அம்மா கோயில் மரத்து வேப்பிலையை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். அம்மை போட்ட வீடு என்று காட்டத்தான். வேப்பிலை தொங்கினால் இந்தத் தோட்டத்தில் யாரும் படியேற மாட்டார்கள். இல்லாத அம்மையைச் சொன்னால் மாரியம்மன் சும்மா விடுவாளா என்று எனக்கு ஒரே பயம். அம்மா, "அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

ஆனால் ஜப்பான்காரனுக்கு வேப்பிலையைப் பற்றி என்ன தெரியும்? அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. விசேஷ வீடு என்று நினைத்தார்களோ என்னவோ, லயத்து வரிசையில் மற்ற வீடுகளை விட்டுவிட்டு நேரே இங்கே வந்தார்கள்! அண்ணன் குரல் கொடுப்பதற்குள் லாரி வந்துவிட்டது. பிரேமா ஓட முடியாமல் விறகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். ஒருவன் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே கால் வைத்தான்.

எப்படி வந்ததோ தைரியம். முக்காட்டைத் தள்ளி, முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கன்னத்தைச் சொறிந்துகொண்டே "சாக்கிட்! சாக்கிட்!" என்றேன். அந்த அளவுக்கு மலாய் அவர்களுக்கும் தெரியும். நோய் என்றதும் இலையைத் துப்பிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் லயமே எங்கள் வாசலில். அம்மாசி அண்ணன், "பிச்சம்மா மூஞ்சி இருக்கிற வரைக்கும் நமக்கு என்னா கவல லா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ ஒரு முட்டை கொடுத்தார்கள். அழுதுகொண்டே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

3-9-1943
இப்போது லாரி வந்தால் எல்லா வீட்டுக்கும் நான்தான். "பிச்சம்மாவக் கூப்புடு, பிச்சம்மாவக் கூப்புடு." கல்யாண வீட்டில் என்னைப் பின்னால் உட்காரச் சொன்னவர்களே கையைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். பெருமையாக இருக்கிறது என்று எழுதினால் வெட்கக்கேடு. ஆனால் இருக்கிறதே!

நான் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால், இவளுக்கு என்ன நினைப்பு பார், பெரிய ரதி என்று சிரிக்க மாட்டார்களா? பயப்படுவதற்கும் லட்சணமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

4-9-1943
தூக்கத்திலும் "லெட்சுமீ" கேட்கிறது.

17-9-1943
இன்று கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவன் வந்தான். வழக்கம்போல முகத்தைக் காட்டினேன். அவன் பின்வாங்கவில்லை. பக்கத்தில் வந்து என் கன்னத்தில் விரலை வைத்து, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நகர்த்தினான். "லாமா," என்று சிரித்தான். பழசு என்று தெரிந்துவிட்டது. டாக்டரோ என்னவோ. மற்றவர்களிடம் ஏதோ சொன்னான், அவர்களும் சிரித்தார்கள்.

அப்புறம் என்னைப் பார்த்தான். என் காதை இல்லை. அப்பாவுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தவன் இவன்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

லாரி போன பிறகும் அந்த விரல் கன்னத்திலேயே இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன். போகவில்லை.

18-9-1943
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி நானும் புகைக்கூடத்துக்குப் போவேன் என்றேன்.

"உனக்கு என்னாடி பயம்? அவன் சும்மா வெளையாட்டுக்குத் தொட்டிருப்பான்."

என்னம்மா வெளையாட்டு? எனக்கும் ஒடம்பு இருக்கும்மா. அம்மை மூஞ்சிலதான் போட்டுச்சு, கழுத்துக்குக் கீழ நானும் பொண்ணுதான். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன். அங்கே கிழங்கைச் சீவினேன்.

அம்மா சொல்வதுதான் சரியோ? நானாகத்தான் பெரிதாக நினைத்துக்கொள்கிறேனோ?

22-9-1943
ஓடிவிட்டேன்.

"லெட்சுமீ" என்றதும் கால் கதவுக்குப் போகவில்லை. லயத்துக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டேன். புல் முகத்தைக் கீறியது. அம்மா என்னைக் கூப்பிடுவது கேட்டது. எழவில்லை. அவளுக்கு ஏதாவது ஆனால் என் பாவம் என்று தெரிந்தும் எழவில்லை.

லாரிச் சத்தம் அடங்கியபின் வந்தேன். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"அந்தக் கண்ணாடிக்காரன் வந்தான்டி. வேற யாரையும் கேக்கல. அவன் கன்னத்துலயே வெரலால இப்படி இப்படிப் புள்ளி வச்சுக் காட்டி, 'மானா? மானா?'ன்னு வீடு பூரா தேடுனான். நீ செத்துட்டேன்னு கையக் காட்டிட்டேன். அவன் நம்பல. நாளைக்கும் வருவான்டி."

மானா என்றால் எங்கே. அவன் என்னைத் தேடி வந்திருக்கிறான்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாராச்சும் ஒருத்தி நின்னாகணும். உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் பிச்சம்மா."



23-9-1943
அம்மாசி அண்ணன் ஏற்பாட்டில், வெளிச்சம் மங்கியதும் நானும் பிரேமாவும் திகாம் பத்து ஊர்ப் பக்கம் நடக்க வேண்டும். அங்கே பரஞ்சோதி அத்தை வீடு இருக்கிறது. வழியில் பிடித்தால்? அத்தை சேர்த்துக்கொள்வாளா? அம்மா இங்கேயே இருக்கிறாள். வீடு காலியாகக் கிடந்தால் எங்களைத் தேடிப் புறப்படுவார்களாம். கதவருகில் இனி அவள் நிற்பாள்.

மதியம் கத்தரிக்கோலை எடுத்து வந்து முதலில் என்னைக் கூப்பிட்டாள். முடி மடியில் விழுந்தது. பிரேமா அப்பாவின் இன்னொரு சட்டையைத் தேடி எடுத்து எனக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். அம்மா சட்டியைக் கவிழ்த்துக் கரியைச் சுரண்டி என் நெற்றியிலும் கன்னத்திலும் பூசினாள். ஒரு குழியும் விடாமல் பூசினாள். போதும் என்று எழுந்தேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருடி, கழுத்தக் காட்டு. கழுத்தப் பாத்தா வயசுப் பொண்ணுன்னு தெரிஞ்சிரும்."