அளக்கவிடாத ஈட்டி

ஏப்ரல் 11, வெள்ளி

ஈட்டியை எறிந்ததும் இன்றும் எறிகோட்டைத் தாண்டினேன். வேண்டுமென்றேதான். எறிதல் மோசம் என்று கையை விட்டுப் போகும்போதே தெரிந்துவிடும். பிறகு நாடா பிடித்து அளந்து, ஊரே கேட்கும்படி எண்ணைக் கத்துவார்கள். அதற்குள் கோட்டை மிதித்துவிட்டால் எறிதல் செல்லாது. சிவப்புக் கொடி. எண்ணும் இல்லை, மானமும் போகாது.

கோச் ரீமருக்கு எரிச்சல். "ஏம்மா டெஸ்ஸா, ஈட்டி எங்க விழுதுன்னாவது நின்னு பாக்கக் கூடாதா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நடக்கற!"

ஏப்ரல் 19, சனி

அப்பா இன்னும் முறைப்பு. சின்ன வயதிலிருந்து சாஃப்ட்பால் ஆடியவள் பள்ளியின் கடைசி வருடத்தில் ஈட்டியைத் தூக்கினால்? "குச்சி எறியவா உனக்கு அத்தனை வருஷம் பந்து போட்டேன்?" என்றார். அம்மா, இறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த பீரக் ரொட்டி இன்னொன்றை அவர் தட்டில் வைத்து வாயை அடைத்தாள்.

மே 6, செவ்வாய்

முழங்கை வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

நாளை மண்டலப் போட்டி. முதல் நான்கு பேருக்குத்தான் மாநிலப் போட்டி. கல்லூரி கோச்சுகள் அங்கேதான் வருவார்கள். அங்கே போகாவிட்டால் என்னை யார் பார்க்கப் போகிறார்கள்?

மே 23, வெள்ளி

என்ன பண்ணிட்டேன் நான். ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

கடைசி எறிதல். ஐந்தாவது இடத்தில் இருந்தேன். பிடி வழுக்கியது போல இருந்தது. முனை வானத்தைப் பார்த்துக்கொண்டு போனது. போச்சு என்று திரும்பி, கோட்டைத் தாண்டி நடந்தேன். அப்போதுதான் கூட்டம் கத்தியது. இந்தக் கான்சஸ் காற்று பின்னாலிருந்து அதைத் தாங்கிக்கொண்டே போயிருக்கிறது! நான்காவதாக இருந்த டெலானியின் குறியைத் தாண்டி மண்ணில் குத்தி நின்றது. கொடிக்காரர் என் காலைப் பார்த்தார். சிவப்பைத் தூக்கினார்.

"ஏன்டி தாண்டின? ஏன்டி?" என்று டெலானி என்னைப் பிடித்து உலுக்கினாள். என் பள்ளிதான் அவளும். மாநிலப் போட்டிக்குப் போகிறவள் அவள், அழுததும் அவள்தான்.

அப்பா வந்திருந்தார். சொல்லாமல், வேலிக்கு வெளியே நின்றிருக்கிறார். வண்டியில் பாதி வழி வரை ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். பிறகு, "கெட்ட பந்தை அடிக்காம விட்டுடுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அது அடுத்தவ போடற பந்துக்குடி, நீயே எறிஞ்சதுக்கு இல்ல" என்றார்.

ஜூன் 2, திங்கள்

மாநிலப் போட்டியில் டெலானி ஏழாவதாம். போன் பண்ணினாள். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் பேசினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பக்கத்து ஊர் இரண்டாண்டுக் கல்லூரியில், யாரும் கூப்பிடாதவர்களுக்கும் அணியில் சேர ஒரு எறிதல் தேர்வு உண்டு. அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார்.

முதல் எறிதல். விட்டதுமே தெரிந்தது, குப்பை. கால் தானாகக் கோட்டுப் பக்கம் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விழுகிறவரை பார்த்தேன். நிஜமாகவே குப்பைதான், காற்று ஒன்றும் காப்பாற்றவில்லை. அளந்தார்கள். கத்தினார்கள். முகம் சுட்டது.

வேலிக்கு வெளியிலிருந்து அப்பா, "ஆச்சு! அடுத்தத எறி!" என்றார்.

எறிந்தேன்.

சேர்த்துக்கொண்டார்கள், வியாழனிலிருந்து பயிற்சி. ஈட்டியை நாமே கொண்டுபோக வேண்டுமாம். வண்டியில் வைத்துக் கட்ட அப்பா கயிறு தேடுகிறார். "இந்தக் குச்சி என்ன இத்தனை நீளம்!" என்று முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.