குப்புறக் கிடக்கும் எருசலேம்

வியாழன் இரவு, பிராண்டே, டென்மார்க்.

ஒரு டெனிஷ் கிழவி எங்கட சபைக்கு விட்டுப்போன எருசலேம் ஓவியம் இனி ஏலத்துக்குப் போகாது. வரைஞ்சவர் இஸ்ரேல்காரர். டெல் அவிவில இருந்துகூட ஆக்கள் விசாரிச்சவை. அதை வித்துக் கடனைக் கட்டினால்தான் ஜெபமண்டபம் எங்கட கையில நிக்கும்.

இண்டைக்கு வைலே நகரத்தில ஏலக்கடைக்காரி சுத்தின துணியைப் பிரிச்சா. எருசலேமுக்கு மேல, வானத்தில, கறுத்த சிலுவை. பின்பக்கத்தை மணந்து பார்த்தா. "ஒலிவ் எண்ணெயா?" எண்டா.

நல்ல விலைக்குப் போகவேணுமெண்டு போன ஞாயிறு அம்மாதான் பின்பக்கம் எண்ணெயால சிலுவை போட்டு ஜெபிச்சவ. முன்பக்கம் படாமல் கவனமாப் பூசினவவாம். காற்றாலை இறக்கைக்குப் பெயின்ற் அடிக்கிற எனக்கு விளக்கம் தேவையில்லை. ஓவியத் துணியில ஊறின எண்ணெய் திரும்பி வராது.

வீட்டை வந்ததும் அம்மா கேட்டா: "என்ன தம்பி, எடுத்தவையோ?"

"இல்லை. பழுதாம்."

"பிசாசின்ர வேலை. ஜெபம் போதாமப் போச்சு."

ஆரெண்டாலும் முகத்துக்கு நேரே சொல்லுறவன் நான். அம்மாவுக்குச் சொல்லாமல் மாடிப்படி ஏறிட்டன்.

இப்ப கீழ சபை ஆக்கள் திரும்ப ஜெபிக்க வந்திருக்கினம். படத்தை மேசையில குப்புற வச்சிருக்கினம். ஆரோ எண்ணெய்ப் போத்தல் மூடியைத் திறக்கினம்.