விதுரியின் பெயரில்

சிடோஆர்ஜோ
ஜூலை 6

என் அன்பு விதுரி,

பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும், சிரிக்காதே. உன் தீவின் செல்போன் கோபுரத்தில் மின்னல் விழுந்து இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. நீ கடைசியாக வாட்ஸ்அப்பில் வந்தது ஜூன் 13, காலை 7.52. அதைத் தினமும் திறந்து பார்க்கிறேன். முன்பு மதியம் சாப்பிட உட்கார்ந்தாலே தட்டைப் படம் எடுத்து அனுப்புவாய். இப்போது நீ சாப்பிட்டாயா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபீஸில் "என்னடா, கழட்டி விட்டுட்டாளா?" என்று கேட்கிறார்கள். காதலிக்கிற பெண் ஒரு மாதம் படம் போடாவிட்டால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தானே! அதனால் ஒன்று செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. பழக ஆரம்பித்த இரண்டாம் மாதமே ஒருவருக்கொருவர் பாஸ்வேர்டைக் கொடுத்துக்கொண்டோமே, அதை வைத்து உன் இன்ஸ்டாகிராமில் மாலாங் ஆப்பிள் தோட்டத்தில் நாம் சேர்ந்து எடுத்த படத்தைப் போட்டேன். கீழே ஒரு இதயம், அவ்வளவுதான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

உடனே பதில் எழுது.

உன்
அர்யோ


வாத்துலேலா தீவு
ஜூலை 25

அன்புள்ள அர்யோ,

கப்பல் கணக்கர் யோப்பி அண்ணன் உன் கடிதத்தை நேரே பிரசவ அறை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். இந்த மாதம் நான்கு பிரசவம் பார்த்தேன். ஒரு குழந்தை காலை நீட்டிக்கொண்டு வந்தது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சாப்பிட்டேன், கவலைப்படாதே. மீனும் சாகோ கஞ்சியும், மறுநாள் சாகோ கஞ்சியும் மீனும்.

முதல் வாரம் கை அரித்தது, ஐம்பது தடவை போனை எடுத்தேன். இப்போது அது டார்ச் லைட்டாகத்தான் உதவுகிறது. சொன்னால் வருத்தப்படுவாய், நன்றாகத் தூங்குகிறேன். சமையலுக்கு உதவுகிற மர்த்தா அக்கா உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "எழுதுறானா? அப்ப நல்லவன்தான். என் வீட்டுக்காரன் பக்கத்துல உக்காந்தே பேசமாட்டான்" என்றாள்.

என் பெயரில் எதுவும் போடாதே. கல்யாணப் பேச்சை உன் அம்மா ஆரம்பித்தார்களே, டிசம்பரில் வருகிறேன், நேரில் கேள். என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. உன்னைப் பிடிக்கும். ஆனால் மணிக்கொரு தரம் எங்கே இருக்கிறேன் என்று காட்டச் சொல்வாயே, கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தானா? பயமாக இருக்கிறது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?

விதுரி


சிடோஆர்ஜோ
ஆகஸ்ட் 14

என் விதுரி,

'என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.' அந்த ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஊரையே சுற்றுகிறேன்.

போடாதே என்றாய், நிறுத்தத்தான் நினைத்தேன். உன் பழைய ஆள் யுதா அந்தப் படத்தின் கீழே வந்து "எங்க போயிட்ட?" என்கிறான்! விட முடியுமா? 'என் அர்யோவோடு நலம்' என்று உன் பெயரில் எழுதினேன். அதற்கு நான் நன்றி சொன்னேன். பிறகு நீ. பிறகு நான். இப்போது தினமும் நடக்கிறது. நேற்று உன் பெயரிலிருந்து 'சாப்பிட்டாயா கண்ணா?' என்று எனக்கே எழுதிக்கொண்டேன். படித்ததும் மனசு லேசாகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

டிசம்பர் வரை என்னால் தாங்க முடியாது. அப்போது நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அர்யோ


வாத்துலேலா தீவு
செப்டம்பர் 10

அர்யோ,

கப்பலிலிருந்து இறங்கும்போதே யோப்பி அண்ணன் கத்திக்கொண்டு வந்தார்: "நர்ஸம்மா! சம்மதம் சொல்லிட்டீங்களாமே, எங்களுக்கு விருந்து கிடையாதா?" துவால் துறைமுகத்தில் சிக்னல் கிடைத்தபோது நீ போட்ட வீடியோவைப் போனில் இறக்கி வைத்திருந்தார். பார்த்தேன். காபிக் கடையில் நீ மண்டியிட்டிருக்கிறாய். எதிரே காலி நாற்காலி, அதன் மேல் போன். போனில் என் பெயர், அதன் கீழே 'ஆமாம், உன்னைத்தான் கட்டிக்கொள்வேன்'. சுற்றி நின்று எல்லோரும் கை தட்டுகிறார்கள். நீ அழுகிறாய். நிஜமாகவே அழுகிறாய்.

என் சம்மதத்தை நான் கப்பல்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மூன்று நாளாக உடம்பு கொதிக்கிறது. நான் பேசாத இந்த மூன்று மாதத்தில் நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறாய் என்று பார்த்தேன். அதுதான் என்னைச் சுட்டது.

நீ மண்டியிட்டுக் கேட்ட கேள்விக்கு என் பதில்: மாட்டேன்.

இங்கிருந்து என்னால் போட முடியாது, சாவி உன் கையில். ஆகவே நீயே போடு: 'நான் யாருக்கும் சம்மதம் சொல்லவில்லை. அர்யோவைக் கட்டிக்கொள்ள மாட்டேன். விதுரி.' ஒரு எழுத்தும் மாற்றாதே. யோப்பி அண்ணன் பார்த்து வந்து சொல்வார்.

விதுரி


சிடோஆர்ஜோ
அக்டோபர் 2

விதுரி,

இரண்டு நாள் கடத்தினேன். இன்று காலை போட்டேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அரை மணியில் நூறு பேர் கீழே எழுதினார்கள். என்ன எழுதினார்கள் தெரியுமா? "ஐயோ, விதுரி அக்கவுண்ட்டை எவனோ திருடிட்டான்!" "அர்யோ, பாஸ்வேர்டை மாத்துடா சீக்கிரம்!" உன் அம்மா போன் செய்து, "இது எம்பொண்ணு பேசுற பேச்சே இல்லப்பா" என்று அழுதார்கள். மூன்று மாதம் நான் எழுதியதை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. நீ சொன்ன முதல் வார்த்தையைத்தான் திருட்டு என்கிறார்கள்.

என் பெயரில் அவர்களுக்குப் பதில் எழுதினேன்: 'திருட்டு ஜூலையிலேயே நடந்துவிட்டது. திருடியவன் நான்.' அதற்குப் பிறகு போன் ஓயவே இல்லை. நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் இன்ஸ்டாகிராமுக்கு உன் அம்மாவையே புதுப் பாஸ்வேர்டு போடச் சொன்னேன். அவர்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

அர்யோ