இன்னும் முடியாத படைப்பு

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகமே, அம்மா கவலைப்பட வேண்டாம்.

படைப்பு ஆறு நாளில் முடிந்த வேலையல்ல, கடவுள் இன்றும் படைத்துக்கொண்டே இருக்கிறார் என்று எங்கள் இறையியல் பேராசிரியர் பாடம் நடத்தினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுநாள், நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் போனேன். குறைமாதக் குழந்தை கிடந்த கண்ணாடிப் பெட்டியருகே அதன் தாய் அழுதுகொண்டிருந்தாள்.

"படைச்சதெல்லாம் நல்லதுன்னு கண்டாராமே, இவளைப் பார்த்துமா அப்படிச் சொன்னாரு?"

"இன்னும் படைச்சு முடிக்கலைம்மா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ அவசரப்படாம நல்லாப் பண்ணச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

ஆறுதல் சொன்னேனா, பாடத்தை ஒப்பித்தேனா? எனக்கே பிடிபடாததை அவள் நம்பிவிட்டாள். நீங்கள் பிரசங்கத்தில் ஆறு நாள் என்றுதான் சொல்வீர்கள். கோபிக்காமல் பதில் எழுதுங்கள்.

ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். அம்மா ஜெபம் பண்ணுவதையும் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். இங்கே சாப்பாட்டு மேசையில் யாரும் வாய்விட்டு ஜெபிப்பதில்லை.

நேற்று குழந்தை நாற்பது கிராம் கூடியிருந்தாள். தாய் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். என்ன செய்துவிட்டேன் என்று தெரியாமலே நானும் கையசைத்தேன்.

பேருந்து வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்