மிர்பாத்தில் ஒரு ராத்தங்கல்

பாய்,

நேற்று டூட்டி முடிந்து ரூமுக்கு ஏறி வரும்போது இரண்டாம் மாடியில் யாரோ லுபான் புகைத்திருந்தார்கள். அந்த ஓமானிக் குடும்பமாகத்தான் இருக்கும். நம் ஊர்ச் சாம்பிராணிக்கு அண்ணன் முறை என்பீர்களே, அதே வாசனை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பாகிஸ்தானி ஒருவர், "க்யா ஹுவா பாய், தபியத் டீக் ஹை?" என்று உடம்பை விசாரித்தார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். முட்டி வலி என்று நினைத்திருப்பார்.

உங்களைக் கீழக்கரையில் அடக்கம் பண்ணிவிட்டு நான் திரும்பி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இனி உங்களுக்கு மடல் எழுதுவதில் அர்த்தமில்லை என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது நம் இருவரையும்விட யாருக்குத் தெரியப்போகிறது?

ராஸ் அல் கைமா டைல்ஸ் கம்பெனியில் நீங்கள் வண்டி ஓட்டினீர்கள், நான் ஸ்டோரில் இருந்தேன். பதினொரு வருடம் ஒரே ரூம். நீங்கள் என்னை 'மாப்ள' என்பீர்கள், நான் உங்களை 'பாய்' என்பேன். சிவகங்கைக்காரனும் கீழக்கரைக்காரரும் கட்டிலுக்குக் கட்டில் சண்டை போட்டுக்கொண்டு அந்தத் தூசியில் காலம் தள்ளினோம். எட்டாம் வருடம் ஹஜ் பெருநாள் லீவில், மழையில் நனைய வேண்டும் என்று பிடிவாதமாகக் கிளம்பினீர்கள். இங்கே வெயிலில் வெந்தவர்கள் எல்லாரும் தூறலுக்காக ஓமானின் தெற்கே சலாலாவுக்கு ஓடுகிற நாட்கள் அவை. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். எனக்கு இந்த ஊர் லைசென்ஸ் இல்லை. முழுதும் நீங்கள்தான் ஓட்டினீர்கள். ஒரு ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை.

சலாலாவில் ஒரு ஹோட்டலிலும் இடமில்லை. "கெடக்குது மாப்ள, மிர்பாத்துக்குப் போவோம். அது பழைய பட்டணம், எங்கனயாச்சும் தலைசாய்க்க எடம் இருக்கும்" என்று வண்டியைத் திருப்பினீர்கள். ஒரு மணி நேரத்தில் கடலோரத்தில் அந்த வீடு கிடைத்தது. லுபான் ஏற்றுமதி செய்த வியாபாரி எந்தக் காலத்திலோ கட்டியது. இப்போது நாலு அறைகளைத் தங்குவதற்கு விட்டிருந்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் தடிமனான கல்சுவர், நடுவில் முற்றம், மாடியில் செதுக்கிய மரச் சன்னல்கள். காவலுக்கு இருந்த கிழவர் உடைந்த உருதுவில், மரமெல்லாம் மலபாரிலிருந்து கப்பலில் வந்தது என்றார்.

நீங்கள் அந்த வாசற்கதவைத் தடவிக்கொண்டே நின்றீர்கள். "எங்க உம்மா வீட்டு நெலக்கதவு மாதிரியே இருக்கு. எங்க பாட்டன்மாரு கப்பலும் இங்கன வந்து நின்னுருக்கும். அவுஹளுக்குப் பொறவு நான் வந்திருக்கேன், டைல்ஸ் வண்டி ஓட்டிக்கிட்டு" என்று சிரித்தீர்கள். பதினொரு வருடத்தில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனபோது உங்கள் போனைச் சார்ஜரில் போட்டுவிட்டுப் போனீர்கள். அந்தச் சுவருக்குள் டவர் எடுக்கவில்லை. நான் வாசல்படிக்கு வந்து நின்றதும் என் போன் அடித்தது. உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை.

"மாமி மவுத்தாயிட்டாஹ. மச்சானுக்கு அடிச்சு அடிச்சுப் பாக்குறேன், போகல. நீங்க பக்கத்துல இருந்து பக்குவமாச் சொல்லிருங்க. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் அடிக்கச் சொல்லுங்க. அதுக்காவத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

உங்கள் உம்மா இறந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சரி என்றேன். நல்லா ஞாபகம் இருக்கிறது, சரி என்றுதான் சொன்னேன்.

உள்ளே வந்து உங்கள் போனை அணைத்தேன். என் பையில், துணிகளுக்கு அடியில் வைத்தேன். ஏன் செய்தேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் முழுசாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தூங்காமல் வந்த மனிதர், சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும், காலையில் சொல்லி பிளைட் ஏற்றி அனுப்பலாம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் பெரியப்பா செத்தபோது கத்தாரிலிருந்து மகன் வருகிற வரை மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிள்ளை வராமல் யார் எடுப்பார்கள் என்பது என் எண்ணம். அதுவரை உங்களோடு எட்டு வருடம் நோன்புக் கஞ்சி குடித்தேன், பெருநாள் பிரியாணிக்கு வெங்காயம் உரித்தேன். உங்கள் வீட்டில் ஒரு மய்யித்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் தலையெல்லாம் தூறல் பட்டுத் திரும்பி வந்தீர்கள். கையில் ஒரு பொட்டலம். பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு அம்மாளிடம் பச்சை லுபான் வாங்கியிருந்தீர்கள். "ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு வெறும் வயித்துல குடிச்சா மூச்சு எளப்புக்கு நல்லதாம். உம்மாவுக்கு" என்றீர்கள். போன் எங்கே என்று கேட்டீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன்.

அன்று ராத்திரி நீங்கள் பேசியதெல்லாம் உம்மாவைப் பற்றித்தான். கிழவர் மீனும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூலையில் லுபான் புகை போட்டுவிட்டுப் போனார். உம்மா மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு மீன்காரனை ஒரு பார்வை பார்ப்பார்கள் என்றீர்கள். அடுத்த லீவில் உம்ராவுக்கு மக்கா கூட்டிக்கொண்டு வரணும், வரும்போது இந்த வீட்டிலும் ஒரு நாள் தங்கவைக்கணும் என்றீர்கள். "இந்தக் கதவப் பாத்தா சந்தோசப்படுவாஹ." நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் "இன்னுங் கொஞ்சம் சோறு போடுறேன்" என்பதுதான் வந்தது.

படுத்ததும் தூங்கிவிட்டீர்கள். நான் உங்கள் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எல்லாவற்றையும் நானே தூக்கிச் சுமக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

நீங்கள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் சொன்னேன். போனைக் கேட்டீர்கள். நான் பையில் துணிகளுக்கு அடியிலிருந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வாசல்படிக்குப் போய்ப் பேசினீர்கள். கீழக்கரையில் நமக்கு முன்பே விடிந்துவிடும். விடிகிற வரை உங்கள் போனுக்குக் காத்திருந்துவிட்டு, அரை மணி நேரம் முன்னால்தான் அடக்கம் பண்ணியிருந்தார்கள்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தீர்கள். "ராத்திரியே சலாலாவுல கோழிக்கோட்டு பிளைட்டு இருந்துச்சு மாப்ள. பாஸ்போர்ட்டும் கையிலதான் இருந்துச்சு. வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அஸர் வரைக்கும் வச்சிருப்பாஹ."

"நீங்க முந்தின ராத்திரி முழுக்கத் தூங்கல பாய், அதான்..." என்றேன்.

"எனக்குத் தூக்கமா பெருசு?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுத்ததே இல்லை. இனிப் போய் என்ன செய்ய என்று வண்டியை வடக்கே திருப்பினீர்கள். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த டீயை நீங்கள் என் முகத்தில் ஊற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ரூமிலும் எதுவும் மாறவில்லை. அதே சாப்பாடு, அதே கிண்டல், அதே மாப்ள. ஆனால் உங்கள் போனை என் கண்ணெதிரே வைத்துவிட்டு நீங்கள் எங்கும் போகவில்லை. குளிக்கப் போனாலும் கையோடு போனது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். நீங்கள் விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு ஊரோடு போகிற வரை மூன்று வருடம் அப்படித்தான் இருந்தோம்.

இந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. ஸ்டோரில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் மகள் போன் செய்தாள். அழுதுகொண்டுதான் பேசினாள், ஆனால் ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை.

"மாமா, வாப்பா மவுத்தாயிட்டாஹ. அர மணி நேரந்தான் ஆகுது. சொந்தக்காரவுஹளுக்கெல்லாம் இன்னும் சொல்லல. ஒங்களுக்கு மொத சொல்லணும், சுத்தி வளைக்காம நேராச் சொல்லணும்னு வாப்பா சொல்லி வச்சிருந்தாஹ. நீங்க வர்றேன்னா நாளைக்கு மத்தியானம் லுஹர் வரைக்கும் வைக்கச் சொன்னாஹ. வர்றியளா மாமா?"

வர்றேன் என்றேன். அன்று ராத்திரி சார்ஜாவில் பிளைட் ஏறினேன்.

உங்கள் தெருவுக்குள் கார் திரும்பும்போது லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். தெரு நிறைய ஆட்கள் வெயிலில் நின்றார்கள். பெரியவர்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "பாத்துக்குங்க" என்று முகத்துத் துணியை விலக்கினார். அன்றைக்கு என்னிடம் போனில் பேசிய அதே குரல்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன், பாய். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்க விட்டார்கள்.

நீங்கள் என்னை மன்னித்து இப்படிச் செய்தீர்களா, எனக்குப் புரியவைக்கச் செய்தீர்களா என்று தெரியவில்லை. கேட்கவும் இனி ஆளில்லை. முகம் போகப் போக மங்கினாலும் மங்கலாம். அந்தத் தெரு மங்காது. யாரோ ஒருவன் வர வேண்டும் என்று அத்தனை பேர் வெயிலில் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். உம்மா மவுத்தான அன்றும் உங்களுக்காக அப்படித்தான் நின்றிருப்பார்கள், ராத்திரி முழுக்க, விடிகிற வரைக்கும்.