பாத்தாவ

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை. சாரல் விடவில்லை.

வீடு தேடி வரும் அரசு மருத்துவச் சேவை எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு, பதிலைப் போனில் ஏற்றுவதுதான் என் வேலை. இன்றைக்குக் கடைசி வீடு அச்சன்புதூரில் பேச்சியம்மாள் அக்கா வீடு. அவர் கணவருக்குச் சர்க்கரை நோய். காலில் புண்ணோடு படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்.

"நர்சம்மா வீட்டுக்கு வந்து காலப் பாத்தாவளாக்கா?"

"பாத்தாவ."

'ஆம்' என்று அமுக்கினேன். மற்ற கேள்விகளும் அப்படியே போயின. அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் வைக்கும்போது அக்கா சொன்னார்: "வாசப்படில நின்னு பாத்தாவம்மா. நாத்தம் அடிக்குன்னு உள்ள வரல. கட்டு நாந்தான் மாத்துதேன்."

"அப்பமே சொல்லக் கூடாதாக்கா?"

"நீ பாத்தாவளான்னுதான கேட்ட."

அனுப்பியதைத் திருத்த வழி கிடையாது. சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு வீடுதானே, விடுங்க என்றார். இந்த வாரம் இன்னும் எத்தனை 'பாத்தாவ'வுக்கு 'ஆம்' போட்டிருக்கிறேனோ.

தென்காசியில் மாறி ஏறிய பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம், ஒரே சிரிப்பு. எனக்கு அந்தப் புண்ணின் வாடை மூக்கை விட்டுப் போகவில்லை.

"இதுல எழுதுனா ஆளு வருமாம்மா?" என்று நான் கிளம்பும்போது அக்கா கேட்டிருந்தார். வரும் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே வந்து உட்காரச் சொல்லி அவர் பாய் விரித்திருந்தார். நான் போகவில்லை. அத்தனை கேள்வியையும் வாசப்படியில் நின்றுதான் கேட்டேன்.